கோட்டை விட்டவர்

ஜூன் 7, சனி

இன்னைக்கு ஜப்பானிய மை ஓவிய கிளாஸ் முழுக்க மை இழைச்சதுதான் வேலை. சுமின்னு ஒரு கட்டி, கல்லுல கொஞ்சம் தண்ணி விட்டு சந்தனம் இழைக்கிற மாதிரி இழைக்கணும், கொஞ்ச நேரத்துல பச்சைக் கற்பூர வாசனை, பெருமாள் கோயில் தீர்த்தம் குடிச்ச மாதிரி, டோக்கியோல இருக்கோம்ங்கிறதே மறந்துபோச்சு. அவசரத்துல அழுத்தி இழைச்சு மை திப்பிதிப்பியா ஆயிடுச்சு. ஸென்ஸே (வாத்தியார்) ஒண்ணும் சொல்லல, கல்லைக் கழுவிட்டு வந்து திரும்ப என் முன்னாடி வெச்சாரு.

கிளம்பும்போது யோகோயாமா தைக்கான்னு ஒரு ஓவியர், அவர் படங்களைப் பாருன்னாரு.

ஜூன் 11, புதன்

தைக்கான் 1868ல பொறந்தவர், அப்பா மிட்டோ சமஸ்தானத்து சாமுராய். பையனுக்கு எட்டு வயசாகும்போது 1876ல வாள் வெச்சுக்கவே தடை வந்துடுச்சு. அப்பா தலைமுறை கோட்டையை விட்டுச்சு, பிள்ளை படத்துல போடுற கோட்டையே விட்டுட்டாரு! இவரும் இன்னொரு ஓவியர் ஹிஷிதா ஷுன்ஸோவும் (அவரும் சாமுராய் வீட்டுப் பிள்ளைதான்) கோடு இல்லாம நிறத்தை மட்டும் கலைச்சுக் கலைச்சு வரைய, 'மோரோதாய்'னு, அதாவது மசமசன்னு இருக்குன்னு, ஊரே கிண்டல் பண்ணுச்சாம். 1903ல ரெண்டு பேரும் கல்கத்தாவுக்கு வந்து தாகூர் குடும்பத்தோட பழகியிருக்காங்க.

எனக்குப் பிடிச்சது 1897ல வரைஞ்ச 'முகா'. நான்ங்கிறது அத்துப்போன நிலை, புத்த மதத்துல பெரிய சமாச்சாரம். துறவி யாரையாவது வரைவாருன்னு பாத்தா, பெரியவங்க கிமோனோவைத் தொளதொளன்னு மாட்டிக்கிட்டு தண்ணிக்கரையில சும்மா நிக்குது ஒரு சின்னப்பையன். அவ்ளோதான்.

ஜூன் 15, ஞாயிறு

டோக்கியோ உயெனோல ஷினோபாஸு குளத்துப் பக்கம் தைக்கான் வீடு, இப்போ நினைவு இல்லம். 1945ல குண்டு விழுந்து எரிஞ்சு, 1954ல திரும்பக் கட்டினது. உள்ள ஃபுதோ மியோஓ சிலை, புத்த மதத்துக் காவல் தெய்வம், நம்ம அசலன்தான், அசையாதவர், கையில வாள். வீட்டுல வாள் போயும் சாமி கையில இருக்கேன்னு தோணுச்சு. மழை பிடிச்சுக்கிச்சு, குடையை ஸ்டேஷன்லயே விட்டுட்டேன், தொப்பலா நனைஞ்சு வந்தேன்.

ஜூன் 21, சனி

தைக்கானோட 'ஸெய்ஸெய் ருதென்' கிட்டத்தட்ட 40 மீட்டர் சுருள் ஓவியம், வெறும் மைதான். மலைப்பனி ஆறாகி, கடலாகி, கடைசில மேலே போயிடுது, பிறவிச் சுழல். 1923 செப்டம்பர் 1 கண்காட்சி முதல் நாள், அன்னைக்குத்தான் டோக்கியோல அந்த பெரிய பூகம்பம். சுருள் தப்பிச்சுடுச்சு.

ஆனா இதே மனுஷன் 1940ல 20 படம் வித்து 5 லட்சம் யென்னை ராணுவத்துக்குக் குடுத்திருக்காரு, நாலு போர் விமானம், அதுக்குப் பேரு தைக்கான். 'நான்' இல்லைன்னு வரைஞ்சவர் பேர் விமானத்துல! எனக்கு இது செரிக்கவே மாட்டேங்குது, அந்தப் பையன் படத்தை இனி பழைய மாதிரி பாக்க முடியல.

ஸென்ஸே கிட்ட கேட்டேன். கல்லைக் கழுவிக்கிட்டே இருந்தாரு. அடுத்த வாரம் மூங்கிலாம், கோடு போடணுமாம்.