உரிமம் கொடுத்த பிறகு

திருகோணமலை மாவட்டத்தில் ஒரு பிரதேச சபையில் சுற்றாடல் பாதுகாப்பு உரிமக் கோப்புகளைச் சில வருடங்கள் நான்தான் பார்த்தேன். கழிவோ சத்தமோ வெளிவிடும் தொழில்கள் வாங்க வேண்டிய உரிமம் அது. யாரிடமாவது சொன்னால், "அது மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் வேலை அல்லவா?" என்று கேட்பார்கள். பாதிதான் சரி. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வந்த 2008ஆம் ஆண்டு வர்த்தமானி, தொழில்களை ஏ, பி, சி என்று மூன்று பட்டியல்களாகப் பிரித்தது. பெரியவை அதிகாரசபையிடம். சி பட்டியலில் இருந்த 25 வகைச் சிறு தொழில்கள் உள்ளூராட்சி சபைகளிடம். கராஜ், மா அரைக்கும் மில், 20 அறைக்குக் குறைந்த விடுதி எல்லாம் இதற்குள் வந்தன. மாசு குறைவு என்றுதான் சி பட்டியலில் போட்டார்கள். ஆனால் சனங்களின் கிணற்றுக்கும் படுக்கையறைக்கும் பக்கத்தில் இருப்பவை இவைதான்.

உரிமம் கொடுக்கும் வேலை ஒழுங்காகவே நடந்தது. விண்ணப்பம் வரும், பரிசோதனைக் கட்டணம் கட்டுவார்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், அதிகாரசபை உத்தியோகத்தர் என்று குழுவாகப் போய்ப் பார்ப்போம். நிபந்தனைகள் எழுதி, 3 வருடத்துக்கு உரிமம் கொடுப்போம். கராஜ் என்றால் தரைக்குக் கொங்கிறீட் போட வேண்டும், கழிவு எண்ணெயைப் பீப்பாயில் சேர்த்து வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும், கழுவும் தண்ணீர் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகப் போக வேண்டும். இந்த முதல் பயணத்துக்கு வாகனத் தட்டுப்பாடு வந்ததே இல்லை, ஏனென்றால் கட்டணம் கட்டியாகிவிட்டது. எட்டு மாதம் கழித்து அந்தத் தொட்டியை இன்னும் சுத்தம் செய்கிறார்களா என்று போய்ப் பார்க்கும் பயணத்துக்குத்தான் காசு இல்லை. இந்த வேலையில் நான் கண்ட குறைகள் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நின்றன.

கரையோரத்தில் மணல் தரை. கிணற்றில் தண்ணீர் ஆழமில்லாமல் கிடைக்கும், மேலே ஊற்றுவதும் அதே வேகத்தில் கீழே இறங்கும். கராஜுக்குப் பின்வீட்டில் இருந்த ஒரு வயதான அம்மா முறைப்பாடு எழுதியிருந்தார். போனபோது வாளியில் தண்ணீர் அள்ளிக் காட்டினார். மேலே எண்ணெய்ப் படலம். "பிள்ளை, நீங்க எழுதிக்கொண்டு போயிருவீங்க. நான் இதுலதானே சோறு வடிக்கோணும்" என்றார். கராஜ்காரரோ, "மிஸ், லைசன்ஸ் சுவரில மாட்டியிருக்கு, பாருங்க" என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அந்த உரிமம் கொடுத்த நாளில் தொட்டி நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் போகவில்லை.

சத்தம் பற்றிய முறைப்பாடு இன்னும் சிக்கலானது. 1996ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55 டெசிபல், இரவில் 45. நகர எல்லைக்குள் 63, 50. இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்கிவிடும். நகர எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அதே மில் சத்தம் சட்டத்தை மீறியதாகிவிடும். ஆனால் அதை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. அதிகாரசபையிடம் கேட்டு வாங்க வேண்டும், அவர்களுக்கோ மாவட்டம் முழுவதும் வேலை. அளவு இல்லாமல் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால் வழக்கு நிற்காது.

விடுதிகளில் பிரச்சினை காலத்தோடு சேர்ந்தது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரை சீசன். ஓகஸ்டில் அறைகள் நிரம்பும், மலக்குழிகளும் நிரம்பும். நாங்கள் போவதோ பெரும்பாலும் ஆண்டு முடிவில், மழைக்காலத்தில், அறைகள் வெறுமையாக இருக்கும்போது. அப்போது கான் சுத்தமாகத்தான் இருக்கும். கழிவு நீர் மாதிரி எடுத்தால் அதை ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். நீர்நிலையில் விடும் நீருக்கு பி.ஓ.டி., அதாவது அதிலுள்ள அழுக்கு சிதைய எடுக்கும் ஒட்சிசனின் அளவு, லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்தச் சோதனைக்கே ஐந்து நாள் வேண்டும். உரிமம் கேட்பவர் என்றால் அந்தச் செலவை அவரே கட்டுவார். நாங்களாகப் போய் எடுத்தால் எந்த வோட்டில் (செலவுத் தலைப்பில்) எழுதுவது என்று கணக்குப் பகுதியில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

சரி, சபைக்குக் காசு எங்கிருந்து வருகிறது? நிரந்தர ஊழியர்களின் சம்பளத்துக்கு மாகாணத்தின் வழியாக அரசு பணம் தரும். மற்றதெல்லாம் சோலைவரி (வீடு, கட்டடங்களுக்கான வரி), வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, நீதிமன்றத் தண்டப்பணம், முத்திரைத் தீர்வை. கடைசி இரண்டும் மாகாணத்தைச் சுற்றித்தான் வரும், வரும் நேரத்தை நாங்கள் தீர்மானிக்க முடியாது. சோலைவரி அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனப்படுத்திய இடங்களில்தான் அறவிடலாம், கிராமப்புறச் சபைக்கு அது சிறு தொகை. சுற்றுலா அதிகாரசபையில் பதிந்த விடுதிகளிடம் முந்தைய வருட வரவில் 1 வீதம் வரை வாங்கலாம், கரையோரச் சபைகளுக்கு அது பெரிய ஆறுதல். இதில் எனக்கு எப்போதும் ஒரு நெருடல் உண்டு. சபையின் வருமானத்துக்குக் கை கொடுக்கும் விடுதியைத்தான் நாங்கள் சட்டம் காட்டி நெருக்க வேண்டியிருந்தது. உரிமக் கட்டணமும் பொது வருமானத்தில் சேர்ந்து, குப்பை உழவு இயந்திரத்தின் டீசலாகவும் தெரு விளக்காகவும் போய்விடும். அவையும் தேவைதான். ஆனால் தொட்டியைப் போய்ப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

அந்த நாட்களில் மற்ற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடி வாசித்தேன். மனதில் நின்றது நியூசிலாந்து. 1989 சீர்திருத்தத்தில் பிராந்திய சபைகளை உருவாக்கியபோது எல்லைகளைப் பெரும்பாலும் ஆற்று வடிநிலங்களை ஒட்டி வகுத்தார்கள். இப்போது 11 பிராந்திய சபைகள் இருக்கின்றன. 1991ஆம் ஆண்டு வள முகாமைத்துவச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, அனுமதி பெற்றவரைக் கண்காணிக்கும் செலவையும் அவரிடமே அறவிட இடம் கொடுக்கிறது. பால்பண்ணைக்காரர் கழிவு நீரை நிலத்தில் விட அனுமதி வாங்கினால், அதைப் பார்க்க வரும் உத்தியோகத்தரின் நேரத்துக்கும் அவரே பணம் கட்ட வேண்டி வரும். முறைப்பாடு விசாரிப்பது, பொதுவாக ஆற்று நீரின் தரத்தை அளப்பது போன்றவற்றுக்குச் சபை வரிப்பணம் உதவும். அங்கேயும் கட்டணம் அதிகம் என்று சண்டை உண்டு. இருந்தாலும் இரண்டாவது பயணத்துக்கு யார் பணம் தருவது என்பது அங்கே சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

எல்லை விஷயமும் எங்களுக்குப் பொருந்தும். 335 கிலோமீற்றர் ஓடி வரும் மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலில் சேர்கிறது. மேலே எத்தனை சபைகள், எத்தனை மாகாணங்கள்! மூதூரில் நின்று அதைக் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் அது பெரிய கதை, ஒரு பிரதேச சபையால் ஆகாது. உரிமக் கட்டண விஷயம் சபையின் கைக்குள் இருப்பது.

இடமாற்றம் வருவதற்கு முன் மூன்று விஷயங்களை எழுதிக் கொடுத்தேன். உரிமக் கட்டணத்தையும் பரிசோதனைக் கட்டணத்தையும் தனி வோட்டில் வைத்துப் பின்தொடர் பயணங்களுக்கே செலவழிப்பது. பக்கத்துச் சபைகளோடு சேர்ந்து ஒரு டெசிபல் மானி வாங்கி மாறி மாறிப் பாவிப்பது. விடுதிகளுக்கு ஆண்டில் ஒரு முறையாவது சீசனில், முன்னறிவிப்பு இல்லாமல் போவது. அப்போது சபையில் உறுப்பினர்கள் இல்லை. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து, செயலாளர்தான் நிர்வாகம் பார்த்தார். இப்படி ஒரு புதிய ஏற்பாட்டைத் தனியாக முடிவெடுக்க அவர் தயங்கியது எனக்குப் புரிந்தது.

2025 மே தேர்தலுக்குப் பிறகு சபைகள் மறுபடியும் கூடியிருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் டிசம்பருக்குள் வரவுசெலவுத் திட்டம் வாக்கெடுப்புக்கு வரும். உங்கள் வட்டார உறுப்பினரைச் சந்தித்தால் வீதி, விளக்கோடு இதையும் கேளுங்கள்: சுற்றாடல் உரிமக் கட்டணமாகப் போன வருடம் எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு கண்காணிப்புக்குப் போனது?