பர்கூர் மாட்டு கூட ஒரு நாள் மேய்ச்சல்

ரெண்டு வருஷம் முன்னாடி ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில இருந்து ஒரு கிடாரி கன்னு வாங்கிட்டு வந்தோம், செம்மறை, செந்நிறத்துல அங்கங்க வெள்ளைத் திட்டு, பார்த்தாலே ஆசையா இருக்கும். தோட்டத்துல கட்டி சோளத்தட்டு, புண்ணாக்கு, தவிடுன்னு ஒரு குறையும் வைக்காம போட்டோம். வயிறு தொங்கிச்சு, குளம்பு நீண்டு வளைஞ்சிருச்சு, ஆனா அந்த மலைமாட்டோட கட்டு மட்டும் வரவே இல்ல.

மனசு கேக்கல. வாங்கின பட்டிக்கே போய் பார்த்துட்டு வரலாம்னு அந்தியூர்ல இருந்து தாமரைக்கரை தாண்டி மேல போனேன். அங்க மாடு வச்சிருக்கறதுல நிறைய பேர் கன்னடம் பேசற லிங்காயத்து மக்கள், மாடெல்லாம் காட்டுப் பட்டியிலதான் கிடக்கும்.

காலைல வெயில் ஏறினதும் பட்டிப் படலைத் திறந்தாங்க, சின்னக் கன்னுகளை மட்டும் உள்ளயே நிறுத்திட்டாங்க. ஒரு கிழப் பசு முன்னாடி நடக்க மத்ததெல்லாம் பின்னாடியே போச்சு, யாரும் ஓட்டவே இல்ல. நான் நினைச்சது மாடுன்னா புல்லைக் கண்டா அங்கயே நின்னு மேயும்னு, இதுங்க அப்படி இல்ல, ரெண்டு வாய் புல்லு, நாலு எட்டு நடை, ஒரு மூங்கில் கொழுந்து, மறுபடி ஏத்தம், அப்புறம் ஏதோ ஒரு புதர்ல தளிரை மட்டும் நாக்கால சுழட்டி இழுக்குது, முத்தின இலையைத் தொடறதே இல்ல, கிட்டத்தட்ட ஆடு மாதிரி. உண்ணிச்செடி மண்டிக் கிடக்கற இடத்தை மட்டும் சுத்தி ஒதுங்கிப் போகுது, அந்தச் செடி பரவப் பரவ புல்லு முளைக்க இடமே இல்லாம போகுதுன்னு பட்டிக்கார அய்யா சொன்னார். மத்தியானம் நிழல்ல படுத்து அசை போட்டுட்டு, வெயில் தாழ்ந்ததும் மறுபடி கிளம்பி, இருட்டறதுக்குள்ள தானா பட்டிக்கு வந்துருச்சு. எனக்குத்தான் கால் ரெண்டும் விட்டுப்போச்சு.

நம்ம கன்னோட அதே வயசுக் கிடாரி ஒண்ணு அங்க இருந்துச்சு. எடை கம்மியாத்தான் இருக்கும், ஆனா தொடையும் முதுகும் இறுகி, குளம்பு கல்லுல தேஞ்சு சின்னதா கருப்பா இருந்துச்சு. "நீங்க தீனி போட்டீங்க, நடக்க விடலையே தம்பி"ன்னார் அய்யா.

அவர் சொன்னதுல எனக்குப் புரிஞ்சது இதுதான். கோடையில புல்லு காஞ்சா இலைதழையை வச்சு ஓட்டும், உடம்பு இளைக்கும், மழை பேஞ்சு புல்லு வந்ததும் விட்டதைப் பிடிச்சிரும். வருஷா வருஷம் இப்படி ஏறி இறங்கித்தான் வளருது, அதனால முதல் கன்னு போடவே நாலு வயசு ஆகிடுது. கலப்பின மாட்டு கணக்கை வச்சு இதை "வளராத மாடு"ன்னு சொல்றது எனக்கு இப்போ சுத்தமா பிடிக்கல. பால் கம்மிதான், ஆனா ஏருக்கும் வண்டிக்கும் இந்தக் காளையோட வேகமும் தாங்கற சக்தியும் இந்த நடையில வந்தது, அதைத் தொட்டில ஊத்திக் குடுக்க முடியாது.

இப்போ அந்த நடைக்கே இடைஞ்சல் வந்திருக்கு. 2022 மார்ச்ல சென்னை உயர்நீதிமன்றம் காட்டு மேய்ச்சலுக்குத் தடை போட்டு, அப்புறம் அந்தத் தடையை சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துக்கு மட்டும்னு சுருக்குச்சு. 2024 ஜனவரியில அந்தியூர், கோபி தாலுகா காட்டுல 80,000 ஹெக்டேருக்கு மேல தந்தை பெரியார் சரணாலயமா ஆயிருச்சு. காட்டு மிருகத்தைக் காப்பாத்தணும், அதுல எனக்கு மறுப்பே இல்ல. ஆனா 2015ல இருந்து பர்கூர்லயே இந்த இனத்துக்குன்னு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அங்க இனத்தைக் காப்பாத்திட்டு இங்க மேயற இடத்தை மூடினா எப்படிங்க?

வீட்டுக்கு வந்த மறுநாளே கயித்தை அவுத்து, தோட்டத்துக்குப் பின்னாடி கரட்டுப் பக்கம் விட்டோம். புல்லு இருந்துச்சு, அதைப் பார்க்காம நேரா கிளுவை வேலிக்குப் போய் கொழுந்தைத் தேடிச்சு.