பூட்டிக் கிடக்கும் வீடுகள்

வீட்டுப் பற்றாக்குறை என்றதும் புதிதாகக் கட்டுவதைப் பற்றியே பேசுகிறோம். ஏற்கெனவே நிற்கும் வீடுகள்? ஜப்பானில் 2023 கணக்கெடுப்பின்படி ஆளில்லாத வீடுகள் மட்டும் சுமார் 90 லட்சம்! வீடு நிற்கும் மனைக்கு அங்கே சொத்து வரியில் பெரிய சலுகை உண்டு. அதனால் பாழடைந்ததைக்கூடப் பலர் இடிக்காமல் விட்டார்கள். 2015-ல்தான் ஆபத்தான நிலையில் உள்ளவற்றுக்கு அந்தச் சலுகையை நிறுத்தச் சட்டம் வழி செய்தது.

காலி வீடுகளில் ஆளைக் குடியமர்த்துவதும் எளிதல்ல. வேலை இருக்கும் ஊரில் வீடு கிடைப்பதில்லை, வீடு காலியாக இருக்கும் ஊரில் வேலை இல்லை. அப்புறம் பராமரிப்பு. கூரையில் ஒரு விரிசல், அதில் இறங்கும் ஈரம், உள்ளே துருப்பிடித்து உப்பும் கம்பி, பெயர்ந்து விழும் காரை. முதல் மழையிலேயே அந்த விரிசலை அடைத்திருந்தால் அந்த வீட்டில் இன்றும் ஒரு குடும்பம் குடியிருக்கும். எனக்கு மனசு ஆறவே இல்லை.