ஒரு குழாய் ரத்தமும் ஓர் ஒப்புதல் படிவமும்

பல்கலைக்கழகத்தின் ஸ்டெம் செல் ஆய்வு மையத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, பரம்பரை விழித்திரை நோய் உள்ள ஒருவரின் ரத்தத்திலிருந்து ஐபிஎஸ் செல்களை (உடலின் எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய நிலைக்குத் திருப்பப்பட்ட செல்களை) உருவாக்கி, அவற்றை விழித்திரைச் செல்களாக வளர்த்து, நோய் எங்கே தொடங்குகிறது என்று ஆராய்வதே என் பணி என முடிவானது. ஆய்வகத்தில் செலவாகும் என்று நான் எண்ணியிருந்த முதல் எட்டு மாதங்கள் அனுமதி பெறுவதிலேயே கழிந்தன. புதிதாக ஐபிஎஸ் செல்களை உருவாக்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, நிறுவனத்தின் நெறிமுறைக் குழு, ஸ்டெம் செல் ஆய்வுக் குழு ஆகிய இரண்டின் ஒப்புதலும் தேவை.

அறிவியல் பகுதி எளிதில் தேறிவிட்டது. திரும்பி வந்தது தமிழ் ஒப்புதல் படிவம்தான். "சிகிச்சை முறையைக் கண்டறியும் ஆய்வு" என்று எழுதியிருந்தேன். குழுவில் பொதுமக்கள் சார்பில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, 'சிகிச்சை' என்ற சொல்லின் கீழ் சிவப்புக் கோடிட்டு, படிப்பவர் தனக்குத்தான் சிகிச்சை என்று நினைத்துக்கொள்வார் என்று ஓரத்தில் குறித்திருந்தார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது ரத்தம் தர முன்வந்த பெண்மணியைச் சந்தித்தபோது புரிந்தது. பார்வைக் குறைவால் அவருக்கு எழுத்துகள் தெரியாததால், ஆய்வில் தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் நான் படிவத்தை வரி வரியாகப் படித்தேன். 2014-இல் ஜப்பானின் கோபே நகரில் ஐபிஎஸ் செல்களிலிருந்து வளர்த்த விழித்திரைப் படலத்தை ஒரு நோயாளிக்குப் பொருத்திய செய்தியை அவருடைய தம்பி படித்துக் காட்டியிருக்கிறார்.

"அப்போ இந்த ரத்தத்துல எனக்குப் பார்வை வராதாம்மா?" என்று கேட்டார்.

வராது என்றேன். இதைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போக எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அவர் புடவைத் தலைப்பை மடியில் மடித்துக்கொண்டே, "சரி, என் மகளுக்காகவாவது எடுத்துக்குங்க" என்றார். அவருடைய மகளுக்கும் உறுதி சொல்ல முடியாது என்று விளக்கி, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பதையும் இரண்டு முறை சொன்ன பிறகே கைரேகை வாங்கினோம்.

எடுத்தது 10 மில்லி ரத்தம். அந்த ரத்தச் செல்களை ஐபிஎஸ் செல்களாக மாற்ற, ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாக்கா 2006-இல் எலிச் செல்களில் பயன்படுத்திய அதே நான்கு மரபணுக்களை, செல்லின் டிஎன்ஏ-வில் கலக்காத சென்டாய் வைரஸ் வழியாகச் செலுத்தினோம். நாள்தோறும், ஞாயிற்றுக்கிழமையும், ஊட்டத் திரவத்தை மாற்ற வேண்டும். முதல் தொகுதி பூஞ்சை பிடித்து வீணானது. நல்லவேளையாக, ரத்தச் செல்களில் பாதியை முன்பே உறைய வைத்திருந்தோம். இரண்டாவது தொகுதியில் இருபத்து மூன்றாம் நாள், நுண்ணோக்கியின் கீழ் விளிம்பு தெளிந்த, செல்கள் நெருக்கமாக அடுக்கிய தட்டையான ஐபிஎஸ் செல் கூட்டம் ஒன்று தென்பட்டது. குரோமோசோம் சோதனையும் தேறியபின் பன்னிரண்டு சிறு குப்பிகளைத் திரவ நைட்ரஜனில் இறக்கினேன். குப்பிகளின் மேல் அவர் பெயர் இல்லை, குறியீட்டு எண் மட்டுமே.

அன்று மாலை அவருக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். செல்கள் நன்றாக இருக்கின்றனவா என்று கேட்டார். நன்றாக இருக்கின்றன என்றேன்.