முதல் போனிலேயே சொல்லிவிடுகிறேன்

நான் சுங்கை சிப்புட்டில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். திருநங்கை. மலேசியாவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலோசகர் வாரியத்தில் பதிந்தால்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். படிப்பு, மேற்பார்வையில் பயிற்சி, நேர்காணல் எல்லாம் ஒருவழியாக முடிந்தன. சிக்கல் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான். அடையாள அட்டையில் இருக்கும் பெயர்தான் அதிலும். அட்டையின் கடைசி எண் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. அதை மாற்றச் சொல்லி ஒரு திருநம்பி 2016இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார். மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. ஆக, சேலை கட்டி உட்கார்ந்திருக்கும் எனக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணின் பெயர்.

தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு அந்தச் சுவர்கூடத் தேவையில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டுத் தாமான் எனும் குடியிருப்புக்கு வந்துவிட்டாலும் ஆட்கள் அதே ஆட்கள்தான். "நீ தண்டல் வீட்டுப் பையன்தானே?" என்று கேட்டுக்கொண்டேதான் பலர் உட்காருவார்கள். தண்டல் என்றால் தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி. பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். குடியை விடச் சொல்லி மனைவி அனுப்பியிருந்தார். சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன்னையே சரி பண்ணிக்கத் தெரியல, என்னை எப்படிச் சரி பண்ணுவ?"

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு திருநர் அடையாளத்தை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, 2022 முதல் அதுதான் நடைமுறை என்று என்னால் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. அவர் வந்தது குடிக்காக. அந்த ஒரு மணி நேரம் அவருடையது. "ஐயா, வேறு ஆலோசகர் வேண்டுமென்றால் ஈப்போவில் ஒருவர் இருக்கிறார், நானே எழுதித் தருகிறேன். இங்கே தொடர்வதென்றால் இந்த மாதிரிப் பேச்சு வேண்டாம்" என்றேன். எழுந்து போய்விட்டார்.

என் வேலைக்கு வழிகாட்டும் மேற்பார்வையாளரிடம் சொன்னபோது, அந்த ஓட்டுநரின் கோபம் என் மேலா, இல்லை உதவி கேட்டு வர வேண்டியிருக்கிறதே என்பதன் மேலா என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனாலும் வெறுப்பையெல்லாம் வருபவரின் நோயாகவே பார்த்துவிட்டால், அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனுஷியை யார் பார்ப்பது? வேறு ஆளைத் தேட அவருக்கு உரிமை உண்டு. திட்ட உரிமை இல்லை. அந்தக் கோட்டை இப்போது எங்கே போடுவது என்று எனக்குத் தெரியும்.

அவர் திரும்பி வந்தார். ஈப்போ தூரம், லாரி வேலையில் நேரம் இல்லை. என்னை ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். அக்கா என்றோ மேடம் என்றோ ஒரு நாளும் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்று ஆரம்பிப்பார். அந்த "ங்க" வருவதற்கே சில வாரம் ஆனது. குடி குறைந்தது.

இவரைவிட என்னை அதிகம் களைப்படைய வைப்பவர்கள் அன்பாகப் பேசுபவர்கள். ஆப்ரேஷன் ஆச்சா, அப்பா ஏத்துக்கிட்டாரா என்று கேட்டே தங்கள் நேரத்தைத் தீர்த்துவிடுவார்கள். "அதைப் பற்றி இங்கே பேச மாட்டேன்மா, உங்க தூக்கம் எப்படி இருக்கு?" என்று ஒவ்வொரு முறையும் திருப்ப வேண்டும். முன்பு நான் இருந்த ஒரு மையத்தில் வேறு கதை: என்னைப் பார்த்து முகம் சுளித்தவர்களை எனக்குத் தெரியாமலே வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்கள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார்கள். என் வேலை குறைந்துகொண்டே வந்ததுதான் மிச்சம்.

இப்போது தனியாக நடத்துகிறேன். முதல் போனிலேயே, "நான் திருநங்கை, சான்றிதழில் வேறு பெயர் இருக்கும், உங்களுக்குச் சரியா?" என்று கேட்டுவிடுகிறேன். யோசித்துச் சொல்வதாக வைத்துவிடுபவர்களுக்கு ஈப்போ எண்ணை அனுப்பிவிடுவேன். சரி என்பவர்களிடம் அடுத்ததாக, காலையா மாலையா என்று கேட்பேன்.