பவழமல்லிக்கு மாசியில்தான் கவாத்து

ஐப்பசியில் வானம் கறுத்ததும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு மரம் வெட்டுகிறவர்கள் வந்துவிடுவார்கள். தோளில் கயிறு, கையில் அரிவாள். "புயல் வருதும்மா, தலையை எடுத்துடலாமா?" என்று கேட்டுக்கு வெளியே நின்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை அடித்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்த ஊர் இது. வீட்டோரம் மரம் வைத்திருக்கிற யாருக்கும் அதற்கப்புறம் கார்த்திகை, மார்கழியில் நல்ல தூக்கம் கிடையாது. ஆனாலும் எங்கள் பவழமல்லியின் தலையை ஐப்பசியில் எடுக்க நான் சம்மதிப்பதில்லை.

அப்போதுதான் அது பூத்துக்கொண்டிருக்கும். பவழமல்லி அந்த வருஷம் விட்ட இளங்கிளையின் நுனியில்தான் அரும்பு கட்டும். நுனியை வெட்டினால் அந்தப் பருவத்துப் பூ அத்தனையும் போய்விடும். பறித்த பூவைத்தான் சாமிக்கு வைக்க வேண்டும், விழுந்ததை எடுக்கக் கூடாது என்கிற வழக்கத்தில் பவழமல்லிக்கு மட்டும் விலக்கு உண்டு. என் மாமியார் ராத்திரியே மரத்தடியில் மாமாவின் பழைய வேட்டியை விரித்துவிட்டுத்தான் படுக்கப் போவார். விடிவதற்குள் உதிர்ந்த பூவெல்லாம் மண் ஒட்டாமல் அதில் கிடக்கும்.

சரி, பூவை விடுங்கள். தலையை எடுப்பதால் புயலிலிருந்து மரம் தப்புகிறதா என்றால் அதுவும் இல்லை. மொட்டையடித்த கிளையில் பட்டைக்கு அடியில் உறங்குகிற மொட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். வெட்டின இடத்தில் தென்னந்துடைப்பம் மாதிரி கொத்துக் கொத்தாகக் குச்சிகள் நீட்டிக்கொண்டு வரும். இயல்பாக வளர்ந்த கிளை தண்டின் மரக்கட்டைக்குள் வேரூன்றியிருக்கும். இந்தக் குச்சிகளுக்கு அந்தப் பிடிமானம் இல்லை, மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஓரிரு வருஷத்தில் அவை கனத்ததும், அடுத்த காற்றுக்கு முதலில் முறிவது அவைதான். நடுவில் வெட்டின பெரிய காயம் மூடாமல் மழைத்தண்ணீர் இறங்கி உளுத்தும் போயிருக்கும். பாதிரி மரத்தைக் கோயிலின் தலமரமாகக் கும்பிடுகிற ஊரில் வீட்டுக்கு வீடு இப்படி முண்டமாக நிற்கிற மரங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்குவதில்லை.

அதனால் எங்கள் வீட்டில் பெரிய கவாத்து மாசியில்தான். பூ ஓய்ந்து, தட்டையான காய்கள் காய்ந்து பழுப்பாகி, இலையும் பாதி உதிர்ந்திருக்கும். எந்தக் கிளை எதன் மேல் உரசுகிறது என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற நேரம் அது. மழையும் இல்லை, வெட்டுவாய் சீக்கிரம் காயும். கத்தரியையும் கைரம்பத்தையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டுத் தொடங்குவேன். முதலில் பட்டுப்போனவை, அப்புறம் உரசிக்கொள்கிறவை, அப்புறம் உள்பக்கமாக நடுமரத்தைப் பார்த்து வளர்கிறவை. மொத்தப் பசுமையில் கால் பங்குக்கு மேல் எடுப்பதில்லை. அதற்கு மேல் எடுத்தால் கத்திரி வெயில் பட்டை மேல் நேராக விழுந்து வெடிக்கும்.

பவழமல்லியில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும். ஒரு ஜோடிக்குக் கொஞ்சம் மேலே வெட்டினால் இரண்டு பக்கமும் துளிர்க்கும். உள்பக்கத் துளிரைச் சின்னதாக இருக்கும்போதே விரலால் தேய்த்துவிட்டால், வெளிப்பக்கத் துளிர் மட்டும் வளர்ந்து மரம் தானாக விரிந்துகொள்ளும். பங்குனி முழுக்கக் காலையில் காபி குடித்ததும் எனக்கு இதுதான் வேலை.

மணிக்கட்டுக் கனத்துக்கு மேற்பட்ட கிளைக்கு அரிவாளே ஆகாது. ரம்பத்தால் மூன்று முறை அறுக்க வேண்டும். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் முதலில். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து கீழாக முழுவதும் அடுத்தது. கிளை தன் கனத்தில் முறிந்து விழும்போது தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் அந்த அடிவெட்டு தடுத்துவிடும். மிச்சமிருக்கிற கட்டையைக் கடைசியாக எடுக்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். கிளை தண்டோடு சேருகிற இடத்தில் மோதிரம் போல ஒரு புடைப்பு இருக்கும். அதைக் காயப்படுத்தாமல் அதன் வெளி ஓரத்தில் அறுக்க வேண்டும். காயத்தை மூடுகிற திசு அங்கிருந்துதான் கிளம்புகிறது. தண்டோடு ஒட்ட வழித்தாலும் தப்பு, முளை மாதிரி நீட்டி விட்டாலும் தப்பு.

வெட்டின இடத்தில் தாரோ பெயிண்டோ பூசச் சொல்வார்கள். நான் பூசுவதில்லை. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக அறுத்துப் பார்த்து, மரம் உளுத்த பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அதைத் தனியாக அடைத்துவிடுகிறது என்று காட்டினார். பூச்சு அந்த உளுப்பை நிறுத்துவதில்லை என்பதும் அவர் கண்டதுதான்.

புயலுக்கு என்ன செய்வது என்றால், ஆடியில் இன்னொரு முறை மரத்தைப் பார்ப்பேன். அப்போது நுனியைத் தொடமாட்டேன். உள்ளே அடைசலாக இருக்கிற மெல்லிய குச்சிகளை மட்டும் அடியோடு எடுத்து, காற்று புகுந்து வெளியேற வழி விடுவேன். மழைக்கு முன் ஓடு மேல் சாய்கிற கிளை எதாவது இருந்தால் அதை மட்டும் எடுப்போம். வாசலில் வந்து நிற்கிற அண்ணனிடமும் இதைத்தான் சொல்வேன்: "தலை வேண்டாம், மாசியில வாங்க, முழுக் கூலி தரேன்." போன மாசியில் ஒருவர் வந்தார். புடைப்பைக் காட்டிச் சொன்னதும் பொறுமையாக அறுத்துக் கொடுத்தார். கூலியோடு மதியச் சாப்பாடும் போட்டேன்.

கரண்டுக் கம்பிப் பக்கம் போகிற கிளையை மட்டும் யாரும் தாங்களாகத் தொடாதீர்கள். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் ரம்பம் எடுக்க வேண்டும். துரட்டியில் கட்டிய ஈர மூங்கிலிலும் மின்சாரம் பாயும்.