வரும் என்று சொன்னேன்

தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் "பேச்சு வருமாம்மா?" என்று அவர் கேட்டார். "வரும்ணே" என்றேன். பொய் இல்லை. வந்ததே.

வால்வு பொருத்திய பிறகு, மூச்சு விடக் கழுத்தில் போட்ட துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னேன். இரண்டு தடவை விரல் வழுக்கிக் காற்று புஸ்ஸென்று வெளியேறியது. மூன்றாவது தடவை, கரகரவென்று, "ஒண்ணு... ரெண்டு..." ஐந்தில் நிறுத்திவிட்டார். விரலை எடுத்து மூச்சு வாங்கி, மறுபடி மூடினார்.

"இதத்தான் வரும்னு சொன்னியாம்மா?"

காசிமேட்டில் முப்பது வருஷம் மீன் ஏலம் விட்டவர். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "பழகப் பழக இன்னும் நல்லா வரும்ணே." திரும்பவும் அதே சொல்.

அமெரிக்க மருத்துவர் சிங்கரும் பேச்சுப் பயிற்சி நிபுணர் ப்ளோமும் 1980-ல் வெளியிட்ட முறை இது. நுரையீரல் காற்றைச் சின்ன சிலிகோன் வால்வு உணவுக்குழாய்க்குள் திருப்பிவிடும். அங்கே சதை அதிர்வதுதான் குரல். படம் வரைந்தே விளக்கியிருந்தேன். டீயை ஊதி ஆற்ற முடியாது, கடலில் இறங்கிக் குளிக்கக் கூடாது, மூச்சு மூக்கு வழியே போகாததால் மீன் வாடைகூடச் சரியாகத் தெரியாது, எல்லாம் சொன்னேன். குரல் எப்படி வரும் என்று சொன்ன நான், அது எப்படிக் கேட்கும் என்று மட்டும் சொல்லவில்லை. இன்னொருவர் பேசிய ஆடியோ என் போனில் இருந்தது. போட்டுக் காட்டவில்லை.

காரணம் உண்டு. அதற்கு முன் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து போனவர், ஐந்து மாதம் நாட்டு மருந்து சாப்பிட்டுவிட்டு மூச்சுத்திணறலோடு வந்தார். அதற்குள் கட்டி கைமீறியிருந்தது. அந்த ஆடியோவால்தான் போனாரா? பயம், பணம், வீட்டில் யாராவது சொன்ன பேச்சு, எதுவாகவும் இருக்கலாம். எனக்கு வசதியான காரணத்தை எடுத்துக்கொண்டேனோ என்றும் தோன்றுகிறது. உயிர் பெரிதா குரல் பெரிதா என்று கேட்டால் பதில் சுலபம். ஆனால் அந்தக் கேள்வியை ஏலக்காரரிடம் யாரும் கேட்கவில்லை.

இப்போது ஏலம் விடுவது மகன். இவர் பக்கத்தில் நின்று விரலால் விலை காட்டுகிறாராம். வால்வு கசிந்து, குடித்த டீ துளை வழியே இருமலோடு வந்தால் மாற்றிக்கொள்ள வருவார். போன மாதம் அப்படி வந்தபோது, மறுநாள் ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒருவரைப் பார்த்துப் பேசச் சொன்னேன். ஆடியோவுக்குப் பதிலாக ஆளையே அனுப்பினேன் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த மனுஷன் எழுந்து நின்று, "பேச்சு வருமாண்ணே?" என்றார்.

இவர் துண்டை விலக்கி, துளையை அழுத்தினார். என் பக்கம் திரும்பவில்லை.

"வரும்."

அதோடு விரலை எடுத்துவிட்டார்.